குதிரையின் காதில் என் கோடு

மார்ச் 3, செவ்வாய்

தலைவி லைவ்ல என் பேரைச் சொல்லிட்டாங்க, அவங்க வாயாலேயே, அதுவும் ரெண்டு தடவை, நான் இப்பவே செத்தாலும் பரவாயில்லை!!!

சரி. மூச்சு விட்டுவிட்டு ஒழுங்காக எழுதுகிறேன்.

தலைவி என்பது ரசிகர்கள் நாங்கள் வைத்த பேர். ஓவியர். வாரா வாரம் லைவில் வந்து ஆளுயரக் கேன்வாஸ் முன்னால் நிற்பார்கள். கண்ணை மூடுவார்கள். “வெள்ளையை உடை!” என்று ஒரு கத்தல், சிவப்பில் ஒரு இழுப்பு. பென்சில் கிடையாது, ஸ்கெட்ச் கிடையாது. கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு யானையோ கடலோ நிற்கும். பள்ளிக்கூடத்தில் இருந்தபோதிலிருந்து பார்க்கிறேன். நான் வரையக் கற்றுக்கொண்டதே அவங்க வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான், ஓரம் உடைந்த ஒரு டேப்லெட்டில்.

இந்த மாதக் கடைசியில் எங்கள் ஊர் ஹாலில் அவங்க கண்காட்சி. அவங்க படங்களோடு சில ரசிகர்களின் படங்களும் தொங்கும். தேர்வானவர்களுக்குக் கேன்வாஸ் வீடு தேடி வரும், அனுப்பிய படத்தை அதில் பெயிண்டில் வரைந்து கொடுக்கணும். நான் அனுப்பியது அக்கா படம். டியூட்டி முடிந்து வந்து, ஒரு காலில் ஷூவோடு கட்டிலில் குப்புறக் கிடப்பாளே, அது. “இந்தப் பொண்ணுக்குக் கை இருக்கு”ன்னு தலைவி சொன்னாங்க. கை இருக்காம்! எனக்கு!

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“யாரைக் கேட்டுடி என்னை வரைஞ்சே? அதுவும் வாயைப் பொளந்துட்டுத் தூங்கும்போது?”

மார்ச் 6, வெள்ளி

கேன்வாஸ் வந்துவிட்டது. கதவில் நுழையவில்லை, சாய்த்துத்தான் கொண்டுவந்தோம். பின்பக்கம் மூலையில் தலைவியின் முத்திரை: ‘வெள்ளையை உடை’. அதற்கு முத்தம் கொடுத்தேன். அக்கா பார்த்துவிட்டாள். அவள் பார்க்காத நேரத்தில் நான் எதையாவது செய்திருக்கிறேனா?

அம்மா தையல் மெஷினிலிருந்து எட்டிப் பார்த்து, “இத்தாம் பெருசா? இத வெச்சுட்டு மனுஷங்க எங்க படுக்கறது?” என்றாள்.

என் கட்டிலுக்கும் அக்கா கட்டிலுக்கும் நடுவில் நிறுத்தியிருக்கிறோம். மூன்றாவதாக ஒரு ஆள் ரூமுக்குக் குடிவந்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

தொடங்கவில்லை.

பிரஷ் எல்லாம் கழுவினேன். எல்லாமே புதுப் பிரஷ், எதற்குக் கழுவினேன் என்று தெரியவில்லை. பெயிண்டைப் பிதுக்கினேன். கேன்வாஸ் முன்னால் நின்றேன். கண்ணை மூடினேன். “வெள்ளையை உடை!” என்று மெதுவாகச் சொன்னேன் (அம்மா பக்கத்து ரூமில்). கண்ணைத் திறந்தால் வெள்ளை அப்படியே இருக்கிறது. என்னைப் பார்க்கிறது.

டேப்லெட்டிலும் முதலில் வெறுமைதானே? ஆனால் அங்கே ஒரு கோடு பிசகினால் ரெண்டு விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும், கோடு போயே போச்சு. அந்தத் தட்டுதான் என் தைரியம் முழுக்க. நான் வரைவேன்னு சொல்றதே தப்பு. நான் நல்லா அழிப்பேன். ஒரு மூக்குக்கு நூறு தடவை அழிப்பேன். கடைசியில் அழியாமல் மிஞ்சியதற்குப் பேர்தான் என் படம்.

இதில் எதைத் தட்டுவது?

பிதுக்கின பெயிண்ட் காய்ந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

இன்றும் இல்லை.

மார்ச் 11, புதன்

ரசிகர் குரூப்பில் எல்லோரும் படம் போட ஆரம்பித்துவிட்டார்கள். பாதி முடிச்சாச்சாம். ஒருத்தன் இன்னொரு கேன்வாஸ் கிடைக்குமா என்று கேட்கிறான். “நீ எவ்ளோ தூரம்?” என்று என்னைக் கேட்டார்கள். “சர்ப்ரைஸ்” என்று ஒரு கண்ணடிக்கிற பொம்மை போட்டேன். வெக்கமா இல்ல எனக்கு?

வெள்ளைப் பயத்துக்கு வைத்தியம் என்று எத்தனை வீடியோ இருக்கிறதோ அத்தனையும் பார்த்தாகிவிட்டது. மண் நிறத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு பூசு என்கிறார்கள். இடது கையால் தொடங்கு என்கிறார்கள். தலைகீழாக வை என்கிறார்கள். தலைகீழாக வைத்தேன். வெள்ளைக்கு ஏது தலை?

கடைசியில் துணிந்து ஒரு பூச்சு பூசியே விட்டேன். என்ன நிறம்? வெள்ளை. “நூல் இழை தெரியுது, ஒரு கோட்டிங் வேணும்”னு எனக்கு நானே கதை விட்டுக்கிட்டு, வெள்ளை மேல வெள்ளை. கேவலம்.

அக்கா டியூட்டியிலிருந்து வந்து உற்றுப் பார்த்தாள். “ஓ, ஆரம்பிச்சுட்டியா? பிரமாதம். பால்ல கொக்கு நிக்குதா?”

அடிக்கலாம் போல வந்தது. சிரிப்பும் வந்தது. அதனாலேயே இன்னும் அழுகை வந்தது.

மார்ச் 17, செவ்வாய்

கடையில் தலைக்கு மேல் வேலை. நல்லதாகப் போயிற்று, வீட்டு வெள்ளையை மறந்திருக்கலாம்.

நான் வேலை செய்வது ஒரு பிரிண்டிங் கடையில். ஸ்டிக்கர், பெயர்ப் பலகை, பேனர், கேன்வாஸ் துணியில் போட்டோ என்று எல்லாம் அடிப்போம். நான் கம்ப்யூட்டரில் படத்தைச் சரிசெய்து கொடுப்பேன், பெரிய மெஷினில் இங்க் அண்ணன் அடிப்பார். இங்க் அண்ணனுக்கு நகக்கண்ணெல்லாம் நீலம், வாயெல்லாம் நக்கல்.

இன்று வந்தது ஒரு வினோதமான வேலை. தொப்பி போட்ட ஒருத்தர் கொண்டுவந்தார். ஒரு குதிரை, கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறது, வெறும் கோட்டுப் படம். அதைக் கேன்வாஸில் ஆளுயரத்துக்கு அடிக்கணும். ஆனால் லேசாக. “பக்கத்துல நின்னா தெரியணும்மா. போன்ல எடுத்தா வெறும் வெள்ளையா இருக்கணும்” என்றார் தொப்பி.

எவனாவது இப்படிக் கேட்பானா? ஆனால் எனக்குச் சவாலாகப் பிடித்துவிட்டது. கோட்டின் சாம்பல் நிறத்தைக் குறைத்துக் குறைத்து, துண்டுத் துணியில் அடித்துப் பார்த்து, போனில் எடுத்துப் பார்த்து — கடைசியில் பிடித்தேன். கண்ணுக்கு இருக்கிறது, கேமராவுக்கு இல்லை.

இடது காது நுனியில் கோடு விட்டுப்போயிருந்தது. ஸ்கேன் பண்ணும்போது அறுந்திருக்கும். காது மொட்டையாக இருப்பது எனக்கே பொறுக்கவில்லை. நானே கொஞ்சம் உள்பக்கமாக வளைத்து, எதையோ கேட்கிற மாதிரி ஒரு நுனி போட்டுச் சேர்த்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியவும் தெரியாது.

தொப்பி வந்து பார்த்துவிட்டு, “தங்கமான வேலை” என்றார்.

வீட்டுக்கு வந்தேன். வெள்ளை நிற்கிறது.

மார்ச் 21, சனி

என்னால எழுத முடியல.

இல்ல, எழுதறேன். எழுதலன்னா வெடிச்சிரும்.

சாயங்காலம் லைவ். கண்காட்சிக்கு முந்தைய ஸ்பெஷல் லைவ், ஹாலிலிருந்தே. போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இந்த முறை தலைவியோடு சேர்ந்தே நானும் முதல் கோடு போடுவது என்று பிரஷும் கையுமாக நின்றேன். ஒரே நேரத்தில் ரெண்டு பேரும். அப்படி ஒரு திட்டம்.

தலைவி கண்ணை மூடினாங்க. “வெள்ளையை உடை!” சிவப்பு விழுந்தது. நான் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கறேன். அவங்க சிவப்புக்கு மேல கறுப்பு எடுத்தாங்க. ஒரு நீள வளைவு. கழுத்து. திரும்பின கழுத்து.

குதிரை.

சரி, ஊரில் குதிரையே இல்லையா, யார் வேண்டுமானாலும் குதிரை வரையலாம் என்று எனக்கு நானே சொன்னேன். அப்புறம் இடது காது. பிரஷ் மேலே போனது. நுனியில் உள்பக்கமாக வளைந்தது. எதையோ கேட்கிற மாதிரி.

அது என் கோடு. என் கோட்டு மேலதான் அவங்க பிரஷ் போச்சு. ஒரு நூல் பிசகல.

கீழே கமெண்ட் கொட்டுது. “எப்படித் தலைவி பயமே இல்லாம!” “வெள்ளையை உடைச்ச சிங்கம்!” சிங்கமாம்.

என் கையில் பெயிண்ட் காய்ந்து பிரஷ் விறைத்துப்போயிருந்தது. அக்கா, “என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?” என்றாள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

குரூப்பில் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அழித்தேன். போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? போன வருஷம் தலைவியைப் பற்றி ஒருத்தி ஏதோ சொன்னதற்கு அவளை ஓட ஓட விரட்டினார்களே. அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் கத்தியது யார்?

நான்தான்.

மார்ச் 23, திங்கள்

இங்க் அண்ணனிடம் சொன்னேன். அவர் மெஷினுக்கு மை ஊற்றிக்கொண்டே சிரித்தார்.

“உனக்கு இப்பதான் தெரியுமா? யானை, கடல், எல்லாம் நீ வீட்டுக்குப் போன அப்புறம் நான் அடிச்சதுதானே.”

“ஏண்ணா எங்கிட்ட சொல்லல?”

“நீ அந்தம்மா படத்தை ஸ்க்ரீன்ல வெச்சுக் கும்பிட்டுட்டு இருந்தே. சாமி கும்பிடறவகிட்டப் போயி சிலைக்கு உள்ள கம்பி இருக்குன்னு சொல்லுவாங்களா?”

“இத்தனை வருஷமா காதுல பூ சுத்தியிருக்காங்க, உங்களுக்குச் சிரிப்பு!”

“அதில்ல பாப்பா. நீயாச்சும் வெள்ளையப் பாத்துப் பயந்து சாவுறே. அந்தம்மா வெள்ளையப் பாத்ததே இல்ல.”

அப்புறம் குரலை இறக்கி, “உன்னுதையும் கொண்டா. லேசா அடிச்சுத் தரேன். எவனுக்குத் தெரியப்போகுது?” என்றார்.

ச்சீ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை கேன்வாஸைக் கொடுத்தாகணும்.

மார்ச் 24, செவ்வாய்

கொண்டுபோனேன்.

ஆமா, கொண்டுபோனேன். யாரை ஏமாத்தணும் இங்க? என் டைரி.

சட்டத்திலிருந்து பின்னையெல்லாம் பிடுங்கித் துணியைக் கழற்றினால்தான் மெஷினுக்குள் போகும். நகம் உடைந்தது. டேப்லெட்டில் இருக்கிற அக்கா படத்தையே, குதிரைக்கு வைத்த அதே சாம்பலில் வைத்தேன். இங்க் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் அடித்துக் கொடுத்தார். அவர் நக்கல் பண்ணியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து மறுபடி சட்டத்தில் அடித்து நிறுத்தினேன். பக்கத்தில் போனால் அக்கா இருக்கிறாள். தள்ளி வந்தால் இல்லை.

பிரஷை எடுத்தேன். இப்பவாவது பயம் போயிருக்கணுமில்ல? முன்னாடியாவது வெறும் வெள்ளை. இப்ப கெடுக்கறதுக்கு உள்ள ஒன்னு இருக்கு! கோட்டுக்கு வெளியே போய்விடக் கூடாதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டில் கால் ஒன்றை நிரப்பினேன். சின்னப் பிள்ளைகள் வண்ணம் தீட்டுகிற புத்தகம் மாதிரி. அடுத்த காலைத் தொடக் கை வரவில்லை.

அக்கா வந்து குனிந்து பார்த்தாள்.

“யார் இது, செத்துப்போனவளா?”

“நீதான்.”

“நானா? நான் உயிரோடதானே இருக்கேன். ஏன் ஆவி மாதிரி இருக்கேன்?” அப்புறம், “ஷூ அடியில ஓட்டை இருக்குமே, அது எங்க?” என்றாள்.

டேப்லெட்டில் அந்த ஓட்டையை நான்தான் அழித்தேன். பார்க்க அசிங்கமாக இருந்தது என்று.

மார்ச் 25, புதன்

கடைக்கு லீவு சொன்னேன். மத்தியானம் வீட்டில் அம்மாவின் மெஷின் சத்தம் மட்டும். அக்கா நைட் டியூட்டி முடித்துவிட்டு அதே போஸில் தூங்குகிறாள்.

அந்த ஆவியைப் பார்க்கப் பார்க்க எரிச்சல். தலைவி மேலா, என் மேலா, தெரியவில்லை. மறுபடி எல்லாப் பின்னையும் பிடுங்கினேன். துணியைத் திருப்பிப் போட்டு அடித்தேன். பின்பக்கம் வெளியே. அங்கே வெள்ளை இல்லை, கோணிச் சாக்கு மாதிரி பூச்சு இல்லாத வெறும் துணி. தலைவியின் முத்திரை மூலையில் பல்லைக் காட்டுகிறது.

கறுப்பை எடுத்துக் கட்டிலின் கோட்டை இழுத்தேன். யோசிக்கவே இல்லை. கோபம்தான் இழுத்தது. இழுத்த அப்புறம் பார்த்தால் கோடு ரொம்பக் கீழே. மொத்தப் படமும் இறங்கிவிடும். ஐயோ என்று — இதை எழுதவே கூசுகிறது — ரெண்டு விரலை நீட்டிக் கேன்வாஸைத் தட்டினேன்.

டப். டப்.

ஒன்றும் திரும்பி வரவில்லை. கோடு அங்கேயே இருக்கிறது. கூடவே ரெண்டு விரல் தடம். நம்பிக்கை வராமல் வேறு இடத்தில் தட்டினேன். அங்கேயும் ரெண்டு. துடைக்கப் பார்த்தால் வெறும் துணி பெயிண்டைக் குடித்துவிட்டது, வராது.

பின்னால் சிரிப்புச் சத்தம். அக்கா விழித்துக்கொண்டு தலையணையைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறாள்.

“அடியே, துணியப் போயித் தட்டறியே! கரண்டு இருக்கான்னு பாத்தியா?”

“சிரிக்காதக்கா. கெட்டுப்போச்சு. முழுசாக் கெட்டுப்போச்சு.”

“கெட்டுப்போச்சுல்ல? அப்ப இனி கெடுக்கறதுக்கு என்ன இருக்கு? வரை. நான் தூங்கறேன்.”

திரும்பிப் படுத்துவிட்டாள். உடனே தூங்கியும் விட்டாள், எப்படித்தான் முடிகிறதோ. கட்டில் கீழே போய்விட்டதா, போகட்டும், மேலே இருக்கிற சுவரெல்லாம் பெரிசாகட்டும். விரல் தடமா, அது போர்வையில் பூவாகட்டும். தட்டித் தட்டிப் போர்வை முழுக்க ரெட்டைப் பொட்டு வைத்தேன்.

ஷூவில் ஓட்டை வைத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

ஹாலில் கேன்வாஸ் வாங்கும் மேஜையில் தொப்பி. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

“நீ அந்தப் பிரிண்டிங் கடைப் பொண்ணுல்ல?”

“ஆமா சார்.”

படத்தைப் பார்த்தார். “என்னம்மா பின்பக்கத்துல வரைஞ்சிருக்கே? முத்திரை முன்னாடி தெரியுது, கட்டில் காலுக்கடியில மாட்டிக்கிட்டு. இதெல்லாம் மாட்ட முடியாது.” அப்புறம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “கடையில பாத்ததை யார்கிட்டயாவது சொன்னியா?” என்றார்.

நான் படத்தை மேஜை மேல் நிமிர்த்தி வைத்தேன்.

“சரி சரி. தூணுக்குப் பின்னாடி ஒரு இடம் இருக்கு.”

என் படத்துக்கு ஹாலில் இடம் கிடைத்த விதம் இதுதான். குரூப்பில் போட வேண்டிய செய்தி!

மார்ச் 29, ஞாயிறு

அம்மாவும் அக்காவும் வந்தார்கள். அம்மா தூணைச் சுற்றி வந்து படத்தைப் பார்த்துவிட்டு, “போர்வை நம்ம வீட்டுது இல்லையே” என்றாள். அதோடு சரி. ஆனால் நெடுநேரம் அங்கேயே நின்றாள். அக்கா யாரும் பார்க்காதபோது தன் ஷூவைத் திருப்பிப் பார்த்தாள்.

குதிரை முன்னால்தான் கூட்டம். நானும் போய் நின்றேன். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் அவள் அப்பாவிடம் சொன்னாள்: “அந்தக் காதுதான்ப்பா சூப்பர்.”

மனசு எப்படி இருந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. திருட்டுக்குத் துணைபோன மாதிரியும் இருந்தது.

கூட்டம் தாங்காமல் தலைவி தண்ணீர் குடிக்கத் தூணுக்குப் பின்னால் வந்தார்கள். கேமரா யாரும் இல்லை. இத்தனை வருஷம் இந்த ஒரு நிமிஷத்துக்கு எத்தனை வசனம் ஒத்திகை பார்த்திருப்பேன்! கிட்டத்தில் பார்த்தால் ரொம்பக் களைத்த முகம். என் படத்தைப் பார்த்தார்கள். அந்த ரெட்டைப் பொட்டுக்கிட்டப் போய் நின்றார்கள்.

“நீ வரைஞ்சதா?”

“ஆமா.”

பாட்டிலை மூடிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில், “இதை எப்படி ஆரம்பிச்சே?” என்றார்கள்.

நக்கலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

“தப்பா ஆரம்பிச்சேன்” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. “குதிரை நல்லா இருக்கு. அந்தக் காது நுனி ஃபைல்ல அறுந்திருந்துச்சு. நான்தான் சேத்தேன்.”

அவங்க முகத்தில் ஒன்றுமே இல்லை. கழுவித் துடைத்த மாதிரி. கோபம்கூட இல்லை. ஏதோ சொல்ல வாய் எடுத்தார்கள், அதற்குள் யாரோ, “தலைவி! ஒரு செல்ஃபி!” என்று கத்த, சட்டென்று சிரிப்பு வந்து உட்கார்ந்தது. போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து குரூப்பிலிருந்து வெளியேறினேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 15, புதன்

தொப்பி மறுபடி வந்தார். என்னிடம் பேசாமல் முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனார். இந்த முறை படகு. அதே சாம்பல், அதே லேசு. கொஞ்சமும் திருந்தவில்லை. நான் மட்டும் என்ன, வேலையைத் தூக்கி எறிந்துவிட்டேனா? நானேதான் சரிசெய்து கொடுத்தேன்.

துடுப்பில் ஒரு இடத்தில் கோடு அறுந்திருந்தது. பார்த்தேன். அப்படியே விட்டேன்.

ஏப்ரல் 18, சனி

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்தேன். துடுப்பு வந்ததும் பிரஷ் நின்றுவிட்டது. வெட்டவெளியில் நிற்கிற மாதிரி. பிரஷில் மறுபடி மறுபடி பெயிண்ட் தொட்டார்கள்.

“என்னா ஒரு பில்டப்!” என்று கமெண்ட் பறந்தது.

எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. போடுங்க, போடுங்க, தப்பாப் போனா போகட்டும்னு நான் இங்கே உட்கார்ந்துகொண்டு முணுமுணுக்கிறேன். போடவில்லை. நெட் போய்விட்டதாகச் சொல்லி லைவை நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

என் படம் திரும்பி வந்து என் கட்டிலுக்கும் அக்கா கட்டிலுக்கும் நடுவில்தான் நிற்கிறது. யாரும் கேட்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. பக்கத்தில் புதுசாக ஒரு வெள்ளைத் துணி. அதைப் பார்த்தால் இன்னமும் பயம்தான். இன்று காலை அதன் நடுவில் ஒரு கோணல் கோடு போட்டுவிட்டுத்தான் பல் தேய்த்தேன்.

காலையில் எல்லாரும் பார்க்கிற மாதிரி நெட்டில் போட்டது, இங்கேயும் ஒட்டி வைக்கிறேன்:

“வெள்ளையைப் பார்த்துப் பயந்து உட்கார்ந்திருக்கிறவங்க யாராவது இருக்கீங்களா? பிரஷ் கழுவியே நாளை ஓட்டுறவங்க? வெள்ளை மேல வெள்ளை பூசினவங்க? அடுத்த ஞாயிறு காலை, நம்ம ஊர் மைதானத்துப் படிக்கட்டுக்கு வாங்க. கடையில் வெட்டிப் போடுற கேன்வாஸ் துண்டெல்லாம் இங்க் அண்ணன் மூட்டை கட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கார். சொல்லித் தர எனக்கு ஒன்னும் தெரியாது. லைவ் கிடையாது, போட்டோ கிடையாது. எல்லாரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து கெடுக்கலாம். உங்களுக்குத் தெரிஞ்ச பயந்தாங்கொள்ளிக்கு இதை அனுப்புங்க. வர்றவங்க கீழே ஒரு புள்ளி வைங்க. ஒரு புள்ளி போதும்.”